நாக்கிங் எல்லையும் ஸ்பார்க் நேரமும்

சூப்பர்சார்ஜர் பூட்டிய எஞ்சின்களை டியூன் செய்வோரிடையே ஒரு சித்தாந்தம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. ஸ்பார்க் நேரத்தைப் படிப்படியாக அட்வான்ஸ் செய்துகொண்டே போக வேண்டும். நாக்கிங் தலைகாட்டும் இடத்தில் நிறுத்தி, அங்கிருந்து இரண்டு டிகிரி பின்வாங்க வேண்டும். அவ்விடமே அந்த எஞ்சினுக்குரிய உத்தமமான டைமிங் என்பது அதன் முதற்பாகம். சூப்பர்சார்ஜர் இயல்பிலேயே இரைச்சல் மிகுந்த சாதனமாதலால் நாக் சென்சர் அறிவிப்பதில் பெரும்பகுதி பொய். ஆகவே சென்சரின் கூர்மையைக் குறைத்துவிட்டு வேலையைத் தொடரலாம் என்பது இரண்டாம் பாகம். முதற்பாகம் சென்சரை நடுவராக நியமிக்கிறது. இரண்டாம் பாகம், நடுவரின் தீர்ப்பு கசக்கும்போது, அவரை ஆசனத்திலிருந்து இறக்கிவிடுகிறது. ஒன்றுக்கொன்று முரணான இவ்விரண்டையும் ஒருவரே, ஒரே நாளில், ஒரே காரின் மேல் கடைப்பிடிக்கக் காண்கிறோம். அனுபவம் மிக்கவர்கள் வாயிலாக வந்தது என்ற ஒரே காரணத்தால் இது பரிசோதனையின்றி ஏற்கப்பட்டு, புதிதாகத் தொழிலுக்கு வருவோருக்கு முதற்பாடமாகவே போதிக்கப்படுகிறது. இது பிழை என்பதும், சூப்பர்சார்ஜர் எஞ்சினில் அபாயகரமான பிழை என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

ஸ்பார்க் நேரம் எதற்காக இருக்கிறது என்பதிலிருந்து தொடங்குவோம். பிளக்கில் பொறி தெறித்தவுடன் சிலிண்டரிலுள்ள கலவை முழுவதும் ஒருங்கே எரிந்துவிடுவதில்லை. சுவாலை ஒரு புள்ளியில் பிறந்து, விரிந்து, சுவர்களை எட்டுவதற்குக் காலம் பிடிக்கிறது. அந்தக் காலத்துக்குள் கிராங்க் பல டிகிரிகள் சுழன்றுவிடுமாதலால், பிஸ்டன் மேல் உச்சியை அடையுமுன்னரே பொறியைத் தெறிக்கவிட வேண்டியிருக்கிறது. பெரும்பாலான பெட்ரோல் எஞ்சின்களில் அழுத்தத்தின் சிகரம் மேல் உச்சிக்குப் பின் சுமார் 12 முதல் 16 டிகிரிக்குள் அமையும்போது கிராங்க் மிகுந்த முறுக்கு விசையைப் பெறுகிறது. அந்த நிலையைத் தரக்கூடிய மிகக் குறைந்த அட்வான்ஸ் எதுவோ அதுவே சரியான டைமிங். அதற்கு முன்னால் பற்றவைத்தால், மேலேறி வருகின்ற பிஸ்டனையே எரியும் வாயு எதிர்த்துத் தள்ளுகிறது. பின்னால் பற்றவைத்தால், விலகி ஓடும் பிஸ்டனை அழுத்தம் துரத்திக்கொண்டு போகிறது. இந்த இலக்கணத்தில் நாக்கிங் என்ற சொல் எங்கும் வரவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும்.

நாக்கிங் முற்றிலும் வேறொரு விஷயம். சுவாலை விரிய விரிய, அது இன்னும் எட்டாத மூலைகளில் எஞ்சியிருக்கும் கலவை நசுக்கப்பட்டுச் சூடேறுகிறது. அந்தச் சூடும் அழுத்தமும் வரம்பு கடந்தால், சுவாலை வந்து சேருமுன்னரே அக்கலவை தானாகவே ஒரு நொடியின் மிகச் சிறிய பின்னத்தில் பற்றிக்கொள்கிறது. அதனால் எழும் அழுத்த அலைகள் சிலிண்டரின் சுவர்களில் மோதி எதிரொலித்து, உலோகத்தையே மணிபோல் ஒலிக்கச் செய்கின்றன. சப்தம் தீங்கன்று, தீங்கு வேறிடத்தில் நிகழ்கிறது. பிஸ்டன் தலையின் மேல் எப்பொழுதும் ஒட்டியிருந்து உலோகத்தைக் காக்கும் குளிர்ந்த வாயுப் படலத்தை அவ்வலைகள் கிழித்தெறிகின்றன; எரிப்பின் உஷ்ணம் நேரே அலுமினியத்தில் இறங்குகிறது; ஓரங்கள் அரிக்கப்படுகின்றன; ரிங்குகளுக்கு இடைப்பட்ட மெல்லிய பகுதி விரிசல் காண்கிறது.

இந்த வேறுபாட்டைக் கண்டறிய முன்னோர் அரும்பாடு பட்டிருக்கிறார்கள். சார்லஸ் கெட்டரிங் அமைத்த பாட்டரி இக்னிஷன் முறை கார்களில் பரவிய காலத்தில், அவற்றின் நாக்கிங்குக்கு அந்த இக்னிஷனே காரணம் என்று பலர் பழி சுமத்தினர். அவரிடம் பணிபுரிந்த தாமஸ் மிட்ஜ்லி சிலிண்டரின் அழுத்தத்தைப் படமாகப் பதிவுசெய்து, அந்த விபரீதமான அழுத்தம் பற்றவைத்த பின்னரே எழுகிறது என்பதை நிரூபித்தார். இங்கிலாந்தில் ஹாரி ரிக்கார்டோ, ஓடும்போதே கம்பிரஷனை மாற்றக்கூடிய ஒரு சோதனை எஞ்சினை அமைத்து, எந்தப் பெட்ரோல் எந்த அளவு நசுக்கலைத் தாங்கும் என்று அளந்து காட்டினார். குற்றம் ஸ்பார்க்கில் மட்டும் இல்லை. எரிபொருளிலும், உஷ்ணத்திலும், அழுத்தத்திலும், அறையின் வடிவத்திலும் இருக்கிறது என்பது ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்னரே தீர்ந்த வழக்கு. அதை மறந்து, நாக்கிங்கை ஸ்பார்க் என்ற ஒரே திருகால் ஆளப் பார்க்கிறது இன்றைய சித்தாந்தம்.

இனி அதன் முதற்பாகத்தை எடுத்துக்கொள்வோம். உத்தமமான டைமிங்கும் நாக்கிங் எல்லையும் ஒரே இடத்தில் இருந்தால் மட்டுமே, எல்லையைத் தேடிப் போய்ச் சற்றுப் பின்வாங்குவதில் அர்த்தமுண்டு. ஆனால் அவை ஒரே இடத்தில் இருப்பது தற்செயல். பாரம் குறைந்த நிலையில், பூஸ்ட் எழாத வேளையில், உத்தமமான டைமிங் நாக்கிங் எல்லைக்கு வெகு முன்னரே வந்து கடந்துவிடுகிறது. அங்கே நாக்கிங் வரும்வரை தள்ளிக்கொண்டு போகிறவர், விசை குறைந்துகொண்டே வருவதையும் சிலிண்டரின் அழுத்தம் ஏறிக்கொண்டே போவதையும் பொருட்படுத்தாமல், பலனற்ற ஒரு சிகரத்தை நோக்கி ஏறுகிறார். பூஸ்ட் முழுவதும் எழுந்த நிலையிலோ தலைகீழ்: உத்தமமான டைமிங்கை அடைவதற்கு முன்னரே நாக்கிங் வந்து வழி மறித்துவிடுகிறது. அங்கே நாம் பெறக்கூடியது ஒரு சமரசமே. அந்தச் சமரசத்தின் இடம் எஞ்சினின் நிலையான குணமன்று. அன்றைய காற்றின் உஷ்ணத்தையும், டாங்கில் இருக்கும் பெட்ரோலையும், சற்றுமுன் அந்த எஞ்சின் என்ன பாடுபட்டது என்பதையும் பொறுத்து நிமிஷத்துக்கு நிமிஷம் இடம் பெயரும் கோடு அது. பெயரும் கோட்டிலிருந்து இரண்டு டிகிரி அளந்து வைப்பது எந்தப் பாதுகாப்பு? நிமிஷத்துக்கு 6,000 சுற்றில் ஒரு டிகிரி என்பது நொடியில் முப்பத்தாறாயிரத்தில் ஒரு பங்கு. அந்த இரண்டு டிகிரியின் மேல் ஒரு பிஸ்டனின் ஆயுளை வைப்பது துணிவேயன்றி நிதானமன்று.

இன்னொரு சூக்ஷ்மமும் உண்டு. முறுக்கு விசையின் வளைகோடு உச்சியை நெருங்கும்போது தட்டையாகிவிடுகிறது. உச்சிக்கு ஓரிரு டிகிரி இப்புறம் நின்றால் இழப்பது பெரும்பாலும் நூற்றில் ஒரு பங்குகூட இராது. ஆனால் அந்த ஓரிரு டிகிரியில் சிலிண்டரின் உச்ச அழுத்தம் கணிசமாக ஏறுகிறது. பெறுவது அற்பம், பணயம் வைப்பது முழுமை என்ற இந்த வியாபாரத்தை டைனமோமீட்டரில் இரண்டு ஓட்டம் ஓட்டி, இரண்டு கோடுகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்க்கும் எவரும் கண்ணாரக் காணலாம்.

ஓர் உதாரணத்தை நெருங்கிப் பார்ப்போம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 3.8 லிட்டர் வி-6 எஞ்சினை, ஈட்டன் எம்90 என்ற ரூட்ஸ் வகைச் சூப்பர்சார்ஜருடன், பான்டியாக் கிராண்ட் பிரீ, பியூக் ரீகல் முதலிய கார்களில் 1990-களின் பிற்பகுதியில் பொருத்தி விற்றார்கள். கம்பிரஷன் 8.5-க்கு 1, குதிரைத்திறன் 240. காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் அதில் இல்லை. அக்காரை வாங்கிய இளைஞர்கள் செய்யும் முதற்காரியம், சூப்பர்சார்ஜரின் 3.8 அங்குலக் கப்பியைக் கழற்றிவிட்டு 3.4 அங்குலக் கப்பியை மாட்டுவது. அதனால் சூப்பர்சார்ஜரின் வேகம் சுமார் 12 சதவீதம் கூடுகிறது, பூஸ்டும் ஏறுகிறது. ஏறுவது பூஸ்ட் மட்டுமா? சுற்றுப்புறக் காற்று 30 டிகிரி செல்சியஸ், சூப்பர்சார்ஜரின் திறன் 55 சதவீதம் என்று வைத்துக் கணக்கிட்டால், சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு பூஸ்டில் சிலிண்டருக்குப் போகும் காற்று 100 டிகிரியைச் சற்றுக் கடக்கிறது; 12 பவுண்டுக்கு ஏற்றினால் 130-ஐத் தாண்டுகிறது. ரூட்ஸ் வகையில் வேகமும் அழுத்தமும் கூடக் கூடத் திறன் குறைவதால், நடைமுறையில் உஷ்ணம் இந்தக் கணக்கையும் மிஞ்சும். ஆக, மூலையில் நசுங்கிக் கிடக்கும் கலவை இருவகையில் தாக்கப்படுகிறது: முன்னைவிடச் சூடாக உள்ளே வருகிறது, முன்னைவிடப் பலமாக நசுக்கப்படுகிறது.

இந்த எஞ்சினைக் காலை வேளையில், மூடியைத் திறந்து, முன்னால் பெரிய விசிறியைச் சுழலவிட்டு, ஓட்டத்துக்கும் ஓட்டத்துக்கும் இடையே ஆறவிட்டு டியூன் செய்து, நாக்கிங் எல்லையிலிருந்து இரண்டு டிகிரி தள்ளி நிறுத்துகிறார்கள். அதே கார் பிற்பகலில், நெரிசலில் ஊர்ந்து, சூப்பர்சார்ஜரின் உடலே கைவைக்க முடியாத சூட்டில் இருக்கும்போது, ஒரு மேட்டில் ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தால் அந்த இரண்டு டிகிரி எங்கே போயிருக்கும்? பெட்ரோலும் ஒரே தரமாயிருப்பதில்லை. அமெரிக்காவின் கீழைப் பகுதியில் பல இடங்களில் 93 ஆக்டேன் எளிதில் கிடைக்க, கலிபோர்னியாவில் சாதாரண பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் உயர்தரம் 91-தான். ஓரிடத்தில் விளிம்பில் நிறுத்திய டியூனை மற்றோரிடத்து நண்பருக்குக் கொடுப்பது உபகாரமாகாது.

நாக்கிங் ஒவ்வொரு எரிப்பிலும் ஒரே மாதிரி நிகழ்வதுமில்லை. ஒரே சிலிண்டரில், ஒரே டைமிங்கில், அடுத்தடுத்த இரண்டு எரிப்புகளே ஒன்றுபோல் இருப்பதில்லை. ஒன்று வேகமாக எரியும், மற்றொன்று தாமதிக்கும். எல்லைக்கோட்டின் மேல் ஓடும் எஞ்சினில் நூறு எரிப்புகளில் ஒரு சிலவே நாக் ஆகும். எஞ்சியவை சாதுவாகக் கழியும். ஆறு சிலிண்டர் எஞ்சின் 5,000 சுற்றில் நொடிக்கு 250 முறை எரிகிறது. சில விநாடிகளே நீடிக்கும் ஓர் ஓட்டத்தில் கம்ப்யூட்டரில் பதிவாகும் நாக்கிங் கோடு சுத்தமாக இருந்தது என்றால், அந்தச் சில விநாடிகளில் அபூர்வமான எரிப்பு ஒன்று அகப்படவில்லை என்பதற்குமேல் அதற்கு அர்த்தம் இல்லை. இதை வைத்துக்கொண்டு ‘நாக்கிங் அறவே இல்லை’ என்று தீர்ப்பெழுதுவது தர்க்கத்துக்கு ஒவ்வாது.

இனி இரண்டாம் பாகம். சூப்பர்சார்ஜர் எஞ்சினில் சென்சர் பொய் சொல்லும் என்பதில் ஒரு துளி உண்மை உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. நாக் சென்சர் என்பது எஞ்சினின் உடலோடு இறுக்கப்பட்டு, அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் ஒரு படிகத்துண்டு. வால்வுகள் அமர்வதும், பிஸ்டன் சுவரில் தட்டுவதும், சூப்பர்சார்ஜரின் பற்சக்கரங்கள் உராய்வதும், எங்கோ ஒரு பிராக்கெட் தளர்ந்து நடுங்குவதும் அதற்குக் கேட்கத்தான் செய்யும். சென்சரின் போல்ட்டை விதித்த அளவுக்கு மேல் முறுக்கினாலும் தளரவிட்டாலும் அதன் சாட்சியம் கெடும். ஆனால் இந்தச் சென்சர் முறையை அமைத்தவர்கள் குழந்தைகள் அல்லர். அழுத்த அலைகள் சிலிண்டருக்குள் எந்த அதிர்வெண்ணில் ஒலிக்கும் என்பதை எம்.ஐ.டி.யின் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் 1930-களிலேயே ஆராய்ந்து வைத்தார்; அது சிலிண்டரின் விட்டத்தையும் சூடான வாயுவில் ஒலியின் வேகத்தையும் பொறுத்தது. 96.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள மேற்சொன்ன எஞ்சினுக்கு அது நொடிக்கு 6,000 அதிர்வுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. நாக்கிங்குக்கென்று வடிகட்டிய அந்த அலைவரிசையை, பிஸ்டன் மேல் உச்சியைக் கடந்தபின் நாக்கிங் நிகழக்கூடிய குறுகிய இடைவெளியில் மட்டும் கேட்டு, அந்தந்த வேகத்துக்குரிய வழக்கமான இரைச்சலோடு ஒப்பிட்டு, மிகை இருந்தால் மட்டுமே ஸ்பார்க்கைப் பின்தள்ளுவதே இம்முறையின் தத்துவம். இவ்வளவு ஏற்பாட்டையும் ‘அது சூப்பர்சார்ஜர் சப்தம்’ என்ற ஒரு வாக்கியத்தால் தள்ளிவிட முடியுமா?

பொய்யா மெய்யா என்று அறிவதற்கு வழியில்லாமல் இருந்தால், தள்ளுவோரை மன்னிக்கலாம். வழி இருக்கிறது, கடினமானதுமன்று. டாங்கை வடித்துவிட்டு உயர்ந்த ஆக்டேன் உள்ள ரேஸ் பெட்ரோலை ஊற்றி, வேறெதையும் தொடாமல், அதே ஓட்டத்தை ஓட்டுங்கள். சென்சரின் அறிவிப்பு மறைந்துவிட்டால் அது மெய்யான நாக்கிங். ஏனெனில் தளர்ந்த பிராக்கெட்டுக்கும் பற்சக்கரத்துக்கும் ஆக்டேன் தெரியாது. அறிவிப்பு மாறாமல் அதே வேகத்தில் அதே அளவில் நின்றால், அப்பொழுது உலோகத்தின் இரைச்சலைத் தேடிப் புறப்படுங்கள்.

அதற்குமேலும் ஒரு சாட்சி இருக்கிறது. எஞ்சினை முழுப் பாரத்தில் ஓட்டி, அப்படியே இக்னிஷனை அணைத்து, ஆறியபின் பிளக்கைக் கழற்றி, லென்ஸின் கீழ் அதன் வெள்ளைப் பீங்கான் மூக்கை விளக்கொளியில் மெல்லத் திருப்பிப் பாருங்கள். நாக்கிங் நடந்திருந்தால் பீங்கானின் மேல் மிளகுத்தூள் தூவியதுபோல நுண்ணிய கரும்புள்ளிகள் ஒட்டியிருக்கும்; அவற்றினிடையே வெள்ளியாய் மினுங்கும் துளிகளும் தென்பட்டால் அவை அலுமினியம். அந்த அலுமினியம் வரக்கூடிய இடம் ஒன்றே ஒன்று: பிஸ்டனின் தலை. அந்தப் புள்ளிகளைப் பார்த்த பிறகும் சென்சரின் கூர்மை அட்டவணையைத் திறந்து எண்களை மாற்றுகிறவர், பொய்யான எச்சரிக்கையை நீக்கவில்லை. மெய்யான எச்சரிக்கையின் வாயை அடைக்கிறார். அன்றுமுதல் அவருடைய கம்ப்யூட்டரில் கோடு சுத்தமாகத்தான் வரும். பிஸ்டன் அதைப் படிப்பதில்லை.

‘சென்சர் வேண்டாம், என் காதே போதும்’ என்று சொல்லும் மூத்தோரும் உளர். அவர்கள் அனுபவத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் பூஸ்டின் உச்சத்தில், சூப்பர்சார்ஜரின் ஊளையும் எக்ஸாஸ்டின் முழக்கமும் சேர்ந்தெழும்போது மனிதச் செவிக்கு நாக்கிங் கேட்பது அரிது. கேட்கும் அளவுக்கு வந்துவிட்டால் சேதம் ஏற்கெனவே தொடங்கிவிட்டது. ஆகாய விமான எஞ்சின்களை அமைத்தோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள். 1940-இல் ஸ்பிட்ஃபயர் விமானத்தின் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் சூப்பர்சார்ஜரின் பூஸ்ட் அளவு சதுர அங்குலத்துக்குச் சுமார் 6 பவுண்டிலிருந்து 12 பவுண்டுக்கு உயர்த்தப்பட்டது. அதைச் சாத்தியமாக்கியது 87 ஆக்டேனுக்குப் பதிலாக வந்த 100 ஆக்டேன் பெட்ரோல். பின்னர் இரண்டு கட்டச் சூப்பர்சார்ஜருடன் வந்த மெர்லின்களில் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரையும் சேர்த்தார்கள். பூஸ்டை ஏற்றும்போதெல்லாம் எரிபொருளையும் உஷ்ணத்தையும் முதலில் சரிசெய்தார்கள் என்பதே இதில் நாம் காணவேண்டியது. எந்த விமானியும் காதைத் தீட்டிக்கொண்டு நாக்கிங் எல்லையைத் தேடவில்லை.

நாக்கிங்கின் உடன்பிறப்பாக எண்ணப்படும் முன்பற்றல் என்ற வேறொரு நோயைப் பற்றியும் சொல்ல வேண்டும். செஞ்சூடேறிய பிளக் முனையோ, கார்பன் படிவோ, எண்ணெய்த் துளியோ ஸ்பார்க்குக்கு முன்னரே கலவையைப் பற்றவைத்துவிடுமானால், ஸ்பார்க்கை எத்தனை டிகிரி பின்தள்ளினாலும் பயனில்லை. பொறி தெறிக்கும்போது காரியம் முடிந்துவிட்டிருக்கும். அடங்காத நாக்கிங் அதுவே சூடேற்றி இந்த நோயை வரவழைக்கும்; வந்தால் சில விநாடிகளில் பிஸ்டனில் ஓட்டை விழும். ஸ்பார்க்கைக் குறைத்தும் சென்சர் அடங்கவில்லையே, ஆகவே அது பொய் என்று முடிவுகட்டுவோர் இந்தச் சாத்தியத்தை எண்ணிப் பார்க்கட்டும்.

என் வாதத்துக்கு வலுவான ஓர் ஆட்சேபம் உண்டு. பெரிய தொழிற்சாலைகளே இன்று எஞ்சின்களை நாக்கிங் எல்லையை ஒட்டித்தானே ஓட்டுகின்றன, நாம் செய்தால் மட்டும் குற்றமா என்று கேட்பார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் அந்த எல்லையை ஒரு காலை ஓட்டத்தில் கண்டுபிடிப்பதில்லை. சிலிண்டருக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து, குளிரிலும் கோடையிலும் மலையிலும், பலதரப்பட்ட பெட்ரோலில் ஓட்டி, காற்றின் சூட்டுக்கும் தண்ணீரின் சூட்டுக்கும் தனித்தனித் திருத்த அட்டவணைகள் அமைத்து, சிலிண்டர் சிலிண்டராகச் சென்சரைக் கேட்டுத் திருத்தும் கட்டுப்பாட்டையும் காவலுக்கு வைத்திருக்கிறார்கள். நம்மவர் விளிம்பை மட்டும் கடன் வாங்கிக்கொண்டு, காவலை நீக்கிவிடுகிறார்.

அப்படியானால் ஸ்பார்க்கைப் பத்து டிகிரி பின்தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கலாமா என்றால், அதுவும் தவறு. மிகத் தாமதமாகப் பற்றவைத்த கலவை எக்ஸாஸ்ட் வால்வு திறக்கும்போதும் எரிந்துகொண்டிருக்கும். வால்வும் மானிஃபோல்டும் செஞ்சூடேறும். விசை குறைந்ததை ஈடுசெய்ய ஓட்டுநர் மேலும் மிதிப்பார். முழுப் பூஸ்டில் எஞ்சின் பெரிய அளவு ரிட்டார்டைக் கேட்கிறதென்றால், ஸ்பார்க் அட்டவணையில் தீராத ஒரு குறை அதில் இருக்கிறது என்பதே பொருள்: காற்று மிகச் சூடாயிருக்கிறது, அல்லது கலவை மெலிந்திருக்கிறது, அல்லது கப்பி மிகச் சிறியதாயிருக்கிறது. பரிகாரம் அங்கே செய்யப்பட வேண்டும்.

ஆகவே டியூன் செய்யும் நண்பர்களை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பாரம் குறைந்த இடங்களில் முறுக்கு விசையை அளந்து ஸ்பார்க்கை வையுங்கள், நாக்கிங்கைத் தேடாதீர்கள். பூஸ்ட் எழும் இடங்களில், காற்று மிகச் சூடாயிருக்கும் வேளையை முன்வைத்து இடைவெளி விடுங்கள். அடுத்த முறை கோட்டில் மூன்று டிகிரி ரிட்டார்ட் தென்பட்டால், பெட்ரோலை மாற்றி ஓட்டிப் பார்த்து, ஆறு பிளக்குகளையும் கழற்றி லென்ஸின் கீழ் பார்க்கும்வரை சென்சரின் கூர்மை அட்டவணையைத் தொடாதீர்கள். பழைய கப்பியைத் திருப்பி மாட்ட நேர்ந்தாலும், அதைத் தோல்வியாக எண்ண வேண்டாம்.